சரிவில் உட்கார ஒரு கதிரை

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். அதையும் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனீர்கள் என்றால், கண்ணில் படுகிற இரும்புக் கேட்டுகளில் பாதி என் கையால் செய்தவை. கோயில் கேட் இருக்கிறது, பள்ளிக்கூடக் கேட் இருக்கிறது, ஒரு தோட்டத்துத் துரை பங்களாவின் கேட்கூட இருக்கிறது. நான் வைத்த வெல்டிங் விட்டுப்போனது என்று சொல்லிக்கொண்டு இன்றுவரை ஒருவரும் என் பட்டறைப் படி ஏறியதில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்துவிட்டுப் போன வேலையை நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன். இதையெல்லாம் முதலிலேயே ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட ஆள் ஒரு மடக்குக் கதிரையில் தோற்றுப்போனான் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் ஆள் நிறைய உண்டு. நான் தோற்கவில்லை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் நாற்காலியைக் கதிரை என்றுதான் சொல்வோம். எனக்கு இந்தக் கதிரை வேலை வந்தது என் வீட்டுக்காரியின் முழங்காலால். அவள் பதினேழு வயதில் கூடை எடுத்தவள். பென்சன் எடுக்கும்வரை மலைக்குப் போனவள். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்குச் சமமாக நிற்க இடம் கிடையாது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. அப்படியே வருடக்கணக்காக நின்றால் முழங்கால் என்னவாகும்? அவளால் இப்போது தரையில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் எழுப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

வீட்டுக்குள் நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கட்டிலை அவள் உயரத்துக்கு ஏற்றினேன். அடுப்புக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று. கழிவறைச் சுவரில் பிடித்து எழும்ப பைப். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் பிரச்சினை. அது அவள் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா.

அந்தக் கோயில் பொகவந்தலாவைக்கு மேலே, தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசன் ஒன்றின் உச்சியில் இருக்கிறது. கோயிலுக்கு முன்னால் தப்படிக்கிறவர்கள் நிற்கிற அளவுக்குத்தான் சமதரை. அதற்குக் கீழே எல்லாம் புல் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் தேயிலைச் செடி. சனங்கள் அந்தப் புல்லில்தான் உட்கார்ந்து பூசை பார்ப்பார்கள். தரையில் உட்காரக்கூடியவர்களுக்கு அது சுகமான இடம். அவளுக்கு அப்படி இல்லை. போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுபோய்ப் போட்டேன். பனியில் நனைந்த புல். கதிரை வழுக்கியது, பிறகு ஒரு கால் மண்ணில் இறங்கி வளைந்துபோனது. நான் நின்னுக்கிறேன், விடுங்க என்று சொல்லிவிட்டு, லவுட்ஸ்பீக்கர் கட்டியிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பூசை முடியும்வரை நின்றாள். திரும்பி வரும்போது வேனில் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

“இதோட போதுங்க. அடுத்த வருஷம் நீங்க மட்டும் போய்ட்டு வாங்க.”

உப்பு முடிந்துவிட்டது, வாங்கி வாருங்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். கல்யாணமாகி என்னோடு வந்த பிறகும் ஒரு வருடம்கூட அந்தத் திருவிழாவைத் தவறவிடாதவள். அவளுடைய அக்கா இன்னும் அவர்கள் பிறந்த அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்த் துண்டு தின்றுகொண்டு பூசை பார்க்கிறதுதான் அவளுக்கு வருடத்தின் பெரிய நாள். நான் அன்றைக்கு வேனில் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப்போகிறேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சரிவிலே நிற்கிற ஒரு கதிரை செய்வது என்று முடிவு செய்தேன். மடக்குகிற கதிரையாகவும் இருக்க வேண்டும். ஏனென்றால் வேன் பாதையோடு நின்றுவிடும். அதற்கு மேலே தேயிலைக்கு நடுவில் மண்ணில் வெட்டிய படிகள்தான்.

முதலில் கடையில் விற்கிற மடக்குக் கதிரை ஒன்றை வாங்கிவந்து பட்டறையில் வைத்துப் பார்த்தேன். அதைக் கண்டுபிடித்தவனுக்கு வணக்கம். ஆனால் அவன் சமதரையில் பிறந்தவன். அதை மடக்கும்போது என் ஆள்காட்டி விரலை நசுக்கியது. என் வீட்டுக்காரி நகத்தைப் பார்த்தாள், கொழுந்து பறிக்கிற பிள்ளைகள் கையில் இதைக் கொடுத்தால் அடுத்த நாள் மலைக்குப் போக முடியுமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மடங்குகிற இடத்தில் பைப்புக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாகப் போய்வர இடம் விட்டு, நடுவிலே புஷ் என்கிற சின்ன இரும்புக் குழல் ஒன்று வைத்தேன். இப்போது என் கதிரையை ஒரு கைக்குழந்தை மடக்கினாலும் விரல் நசுங்காது.

உட்காருகிற இடத்துக்குத் தகரம் வேண்டாம், மலையில் தகரம் பனிக்கட்டி மாதிரி குளிரும் என்று அவள் சொன்னாள். கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பிலே சுற்றிக்கொள்கிற படங்கு இருக்கிறதே, தண்ணீர் ஏறாத தடிப்பான ரெட்டுத் துணி, அதை இரண்டாக மடித்துத் தைத்தேன். மழைத்தண்ணீர் தேங்காமல் வடிவதற்கு நடுவில் நான்கு துளை போட்டு வளையம் வைத்தேன்.

தூக்குவதற்கு ஒரு கைப்பிடி வெல்ட் பண்ணியிருந்தேன். வெகு அழகான கைப்பிடி. அவள் அதைப் பிடித்துத் தூக்கி வாசலில் ஒரு நடை நடந்துபார்த்தாள். படி ஏறும்போது கை சும்மா இருக்க வேண்டும், இது கையை எடுத்துக்கொள்கிறது என்றாள். பிறகு உள்ளே போய், மச்சில் கிடந்த பழைய கூடைக் கயிற்றை எடுத்துவந்து கதிரையின் இரண்டு பக்கமும் கட்டினாள். கயிற்றை உச்சந்தலையில் போட்டு, கொழுந்துக் கூடையைத் தொங்கவிடுகிற மாதிரி கதிரையை முதுகிலே தொங்கவிட்டாள். இரண்டு கையும் வீசிக்கொண்டு நடந்தாள். நான் அந்தக் கைப்பிடியை அன்றைக்கே வெட்டி எடுத்தேன். நல்ல யோசனை யாரிடமிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்வேன். அதுவும் ஒரு திறமைதான்.

மிச்சம் இருந்தது கால். அதுதான் முக்கியம். ஒரு கிழமை நாளில் தனியாக பஸ் ஏறி அந்தக் கோயிலுக்குப் போனேன். தண்ணீர்க் குழாய் வைத்து மட்டம் பார்த்தேன். புல் சரிவில் ஐந்தாறு இடத்தில் அளந்தேன். ஒரு கதிரையின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் உள்ள தூரத்தில் நிலம் நான்கு விரல் இறங்குகிறது. சரியாக நான்கு விரல். வீட்டுக்கு வந்து, என் வாசல் மண்ணை வெட்டி அதே சரிவுக்கு இறக்கினேன். சோதித்துப் பார்க்காமல் நான் எதையும் வெளியே விடுவதில்லை. பின்னங்கால் இரண்டையும் முன்னங்காலைவிட நான்கு விரல் கட்டையாக வெட்டி, புல்லில் வழுக்காமல் அடியில் கூராக ஒரு பல் வைத்தேன்.

வாசல் சரிவில் வைத்தேன். உட்கார்ந்தேன். ஆட்டம் இல்லை, சாய்வு இல்லை. துரை பங்களா வராந்தாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவள் உட்கார்ந்தாள். எழும்பும்போது யார் கையையும் பிடிக்காமல் எழும்பினாள். திரும்பவும் ஒரு தடவை உட்கார்ந்து எழும்பினாள். எனக்கு அது போதும்.

நான் பைப் வாங்குகிற இரும்புக்கடை முஸ்லிம் நானா ஒருநாள் இந்தக் கதிரையைப் பார்க்கவென்றே வந்தார். கடையில் வைத்து என்னைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தவர் அவர். கைத்தொழில்காரனை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள்; பாஸ் கதிரை செய்கிறாரா, ஏரோப்ளேன் செய்கிறாரா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். பெரிய உடம்பு. உட்கார்ந்து, கீழே பள்ளத்தில் ரயில் போகிறதைப் பார்த்துக்கொண்டு ஒரு பிளேன்டீ குடித்தார். இன்னொரு பிளேன்டீயும் குடித்தார். பிறகு, இப்படி ஒன்று தன் வீட்டுக்கும் வேண்டும் என்றார்.

ஆஸ்பத்திரி கிளினிக்குக்காக என் வீட்டுக்காரியின் அக்கா இரண்டு நாள் வந்து தங்கினாள். அவர்கள் இருவரும் என் சொந்த அத்தை மகள்கள், மூத்தவள் எனக்கு மதினி. சின்ன வயதிலிருந்து என்னைக் கிண்டல் பண்ணுவதே அவளுக்குத் தொழில். அவளும் அந்தக் கதிரையில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து போஞ்சி நறுக்கினாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், நிறம் நன்றாக இல்லை என்றாள்.

ஒன்று போதும் என்றுதான் தொடங்கினேன். ஆனால் பெருமை யாரை விட்டது? மதினிக்கு ஒன்று, அந்த லயத்தில் இவர்களோடு மலைக்குப் போன இன்னும் நான்கு பேருக்கு ஒவ்வொன்று என்று ஆறு கதிரை செய்தேன். நீலமும் பச்சையுமாக நிறமும் அடித்தேன்.

திருவிழாவன்று ஆறு பெண்கள் கதிரையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, தேயிலைக்கு நடுவிலே வரிசையாகப் படி ஏறினார்கள். கீழே நின்று பார்த்தால் கொழுந்து நிறுக்கப் போகிற வரிசை மாதிரி இருந்தது. எல்லாரும் எங்களைத்தான் பார்த்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் இறங்கிவந்து, இதெல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்டார். இதை வாங்க முடியாது, மூளை இருந்தால் செய்யத்தான் முடியும் என்றேன்.

ஆறையும் நானே விரித்து, கோயிலைப் பார்க்க ஒரே வரிசையாகப் போட்டேன். அந்த நேரம் பார்த்து உள்ளே மணி அடித்தார்கள். பூசை தொடங்கிவிட்டது, பயப்படாமல் உட்காருங்கள் என்று சொன்னேன். ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

ஐந்து பேரும் ஒன்றாகப் பின்னால் போனார்கள்.

தடால் என்று விழவில்லை. மெதுவாக, மரியாதையாகத்தான் சாய்ந்தார்கள். மூன்று பேரைப் பின்னால் இருந்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி புல்லில் உருண்டு எழுந்து உட்கார்ந்தாள். கடைசிக் கதிரையில் இருந்த மதினி நேராகத் தேயிலைச் செடிக்குள் போனாள். கால் இரண்டும் மேலே தெரிந்தன. அடி யாருக்கும் இல்லை, அம்மன் புண்ணியம். என் வீட்டுக்காரி விழவில்லை. முழங்காலால் அவள் எப்போதும் மெதுவாகத்தான் உட்காருவாள். கதிரை பின்வாங்குவது தெரிந்ததும் பாதியிலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தேயிலைக்குள்ளிருந்து மதினியின் குரல் வந்தது.

“மச்சான், சாமி பாக்கக் கூட்டி வந்தீங்களா, வானத்தப் பாக்கக் கூட்டி வந்தீங்களா?”

தப்படிக்கிறவர்கள்கூடக் குச்சியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

விஷயம் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அளவில் ஒரு நூல்கூடப் பிழையில்லை. பிழை வேறு இடத்தில். மலையில் பிறந்தவன் எவனும் மலையைப் பார்த்து உட்காரமாட்டான். சுவருக்கு முதுகைக் கொடுத்து, பள்ளத்தைப் பார்த்துத்தான் உட்காருவான். லயத்து வராந்தா அப்படி, பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச் அப்படி, என் வாசலும் அப்படி. நான் உட்கார்ந்து பார்த்ததும் அப்படித்தான், நானா உட்கார்ந்ததும், மதினி போஞ்சி நறுக்கியதும் அப்படித்தான். முதுகு மேட்டுப்பக்கம் இருந்தால் பின்னங்கால் கட்டையாக இருப்பது சரி. ஆனால் சாமி உச்சியில் இருக்கிறது. சாமியைப் பார்த்து உட்கார்ந்தால் முதுகு பள்ளத்துப்பக்கம் வந்துவிடும். பள்ளம் நான்கு விரல், நான் வெட்டியது நான்கு விரல். எட்டு விரல் சாய்ந்தால் எந்த மனுஷன் நிற்பான்? கோயிலுக்கு வந்து அளந்தபோதும் நான் பள்ளத்தைப் பார்த்துத்தான் நின்று அளந்திருக்கிறேன்.

பின்னங்காலுக்குக் கீழே கல் வைத்தேன். நனைந்த புல்லில் கல் உருண்டது. அதற்குள் உள்ளே அபிஷேகம் தொடங்கிவிட்டது. மற்ற ஐந்து பேரும் கதிரையைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களால் முடியும். இவள் மட்டும் நின்றாள். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

“நான் நின்னுக்கிறேன், விடுங்க,” என்றாள்.

அதே வார்த்தை. அவள் கண் லவுட்ஸ்பீக்கர் கம்பத்தைத் தேடியது.

எனக்கு ஒரு கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, கதிரைமேலும் இல்லை. அவள் கதிரைக்குப் பின்னால் போய், பள்ளத்துக்கு முதுகைக் காட்டிச் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். கதிரையின் பின்னங்கால் இரண்டையும் தூக்கி என் இரண்டு தொடைமேலும் வைத்தேன். பல் குத்தாமல் இருக்கத் துண்டை மடித்து நடுவில் வைத்தேன். கதிரை மட்டமாக வந்தது. உட்காரு என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். சனம் பார்க்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். பார்க்கட்டும், மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார் என்றேன்.

உட்கார்ந்தாள். அவள் கனம் எனக்குப் புதிதில்லை.

பூசை முழுவதும் எனக்குத் தெரிந்தது ஒரு படங்கு ரெட்டும் அவள் கொண்டையில் வைத்த பூவும்தான். மணிச் சத்தம் கேட்டது, சாம்பிராணி மணத்தது. அவள் தலையைத் திருப்பாமலே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது பால் ஊற்றுகிறார்கள். இப்போது மஞ்சள். இப்போது திரை போட்டுவிட்டார்கள், அலங்காரம். சேலை பச்சை, சிவப்புக் கரை, இந்தத் தடவை நல்ல சேலை. தீபம் காட்டுகிறார்கள், கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்றாள். கை எடுத்தால் கதிரை ஆடும். மனதாலே கும்பிட்டேன்.

அப்போது பக்கத்தில் ஊர்ந்து வந்த மதினி என் தொடையையும் கதிரைக் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன்டி, இந்தக் கதிரைக்கு மட்டும் கால் ஆறா? எனக்கும் இந்த மாடல்ல ஒன்னு வாங்கித் தாடி,” என்று தங்கையிடம் கேட்டாள்.

“இது ஒன்னுதான்க்கா செஞ்சாங்க,” என்றாள் இவள்.

பூசை முடிந்ததும் சாமியைச் சப்பரத்தில் ஏற்றிக் கீழே இறக்கினார்கள். லயம் லயமாகப் போய், ரோட்டு வரைக்கும் இறங்கி, திரும்பி மேலே ஏறி வரும். வயதான பெண்கள் ஊர்வலத்தோடு போகமாட்டார்கள். கோயிலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். சாமி திரும்பி வந்ததும் கூட்டத்தோடு எழும்பி, தலைகளுக்கு நடுவிலே எட்டிப் பார்ப்பார்கள். எப்போதும் அப்படித்தான்.

என் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. அதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் எழும்பினாள். கதிரையைத் தூக்கி, அப்படியே திருப்பிப் போட்டாள். முதுகு கோயில் பக்கம், முகம் பள்ளத்துப்பக்கம். உட்கார்ந்தாள். என் கதிரை மண்ணைக் கவ்விக்கொண்டு, மட்டமாக, அசையாமல் நின்றது. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மதினிக்குப் பொறுக்கவில்லை. அம்மனுக்கு முதுகைக் காட்டி உட்காரலாமா என்று கேட்டாள்.

“அம்மன் கீழ போயிருச்சுக்கா. உள்ள திரை போட்டாச்சு. வர்ற ஆளு எந்தப் பக்கமா வருதோ அந்தப் பக்கந்தான பாக்கணும்.”

மதினி பூசாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டு, கேட்காத மாதிரி இருந்தார். ஆட்சேபணை இல்லை என்றுதான் அர்த்தம். மதினி தன் கதிரையைத் திருப்பிப் போட்டாள். முதலில் கையால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். மற்ற நான்கு பேரும் ஒவ்வொருத்தியாகத் திருப்பினார்கள். ஆறு கதிரையும் பள்ளத்தைப் பார்த்து, ஒரே மட்டமாக நின்றன. மூடுபனி கொஞ்சம் விலகி, கீழே ரோடு தெரிந்தது. சப்பரத்தின் குடை ஒவ்வொரு லயத்திலும் நின்று நின்று போவது தெரிந்தது. எந்த வீட்டில் ஆரத்தி எடுக்கிறார்கள், எந்த வீட்டில் இன்னும் தட்டுத் தேடுகிறார்கள் என்று ஆறு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தார்கள். தேங்காய்த் துண்டு கை மாறியது. நான் அவள் பக்கத்தில் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சாமி மேலே ஏறி வந்தபோது நேராக இவர்கள் முகத்துக்கு முன்னால்தான் வந்தது. தூக்கி வந்தவர்கள் மூச்சு வாங்க அங்கே நின்றார்கள். பச்சைச் சேலை, சிவப்புக் கரை. அவள் சொன்னபடியே நல்ல சேலைதான். கையெட்டும் தூரத்தில் அம்மன் முகம். ஆறு பேரும் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்கள். அந்தக் கோயில் கட்டிய காலத்திலிருந்து வயதான பெண்களுக்கு இப்படி ஒரு தரிசனம் கிடைத்ததில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அது என் கதிரையால் வந்தது.

திரும்பும்போது வேனில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் வேன் மெதுவாகத் திரும்பியபோது அவளாகவே தொடங்கினாள்.

“முன்னங்காலு, பின்னங்காலு ரெண்டையும் ஏத்தி எறக்குற மாதிரி வைங்க. பூசைக்கு ஒரு மாதிரி, சாமி ஏறி வர்றதுக்கு ஒரு மாதிரி மாத்திக்கலாம்.”

அதை நான் ஏற்கனவே யோசித்துவிட்டேன் என்றேன். பொய்யில்லை. பைப்புக்குள் பைப் விட்டு, துளை போட்டு, ஆணி மாட்டுவது என்று முழு வேலையையும் அவளைத் தொடைமேல் வைத்திருந்தபோதே மனதில் முடித்துவிட்டேன். அப்படியானால் அடுத்த வருடம் வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பாள். நாளைக் காலையிலேயே நானா கடைக்குப் போய் ஆறு கதிரைக்குப் பைப் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

“ஆறுக்கு எடுக்காதீங்க, பத்துக்கு எடுங்க,” என்றாள். “அக்கா அங்க ஆளு சேத்துட்டு இருக்கு.”